எங்கள் கம்பெனிக்குக் குறை சொல்ல ஆள் தேவை

அன்புத் தங்கச்சிக்கு, உன் அக்கா ஆசையோடு எழுதுவது. இங்கே பெரியவர்கள் முதல் பொடிசுகள் வரை எல்லோரும் சுகம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரரும், உன்னைவிட்டுப் பிரிய மனசில்லாத உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதவேண்டி வரும், நீ தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்பாய். என் பெரியவனுடைய மகன், விமானத்தின் வயிற்றுக்குள் புகுந்து ரிப்பேர் பார்க்கிறவன், இப்போது மேற்பார்வைக்கு உயர்ந்துவிட்டான். அவன் கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கும், அவன் டீ குடிக்கப் போனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான். அவன் தங்கை பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள், முதல் பல்லை என் வாயில்தான் பிடுங்கினாள், வலிக்கவே இல்லை. நடுவுள்ளவன் வீட்டு இரட்டையரில் ஒருத்தன் நீச்சலில் கோப்பை வாங்கினான், இன்னொருத்தன் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நின்றான், இரண்டும் ஒரே முகம் என்பதால் நான் இரண்டு பேரும் வாங்கினதாகவே சொல்லிக்கொண்டு வருகிறேன். விமானக்காரனின் குட்டி, என் கொள்ளுப்பேரன், எதையும் பிடிக்காமல் தானே எழுந்து நிற்கிறான். அந்தப் போட்டோவைத்தான் போன தடவை உனக்கு அனுப்பினேன். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நீ மட்டும் கால் கொஞ்சம் வளைந்திருக்கிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று எழுதினாய். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இனி நண்டு. என் கடைசி மகளின் பெண், பக்கவாட்டிலேயே தவழ்ந்து தவழ்ந்து அந்தப் பெயரை வாங்கினவள். நல்ல ஆபீசை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளாமே என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்திருக்கிறாள் என்பது வாஸ்தவம். ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது வீட்டில் இல்லை, கம்பெனியில். கம்பெனி எங்கே இருக்கிறது என்றால், எங்கள் வீட்டில் இஸ்திரி மேஜை கிடந்த அறையில் இருக்கிறது. ஒரு சாமான் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள் இல்லையா, இதை இங்கே மாட்டு, அதை அங்கே திருகு என்று, நாம் படிக்காமல் அலமாரித் தட்டில் விரித்துவிடுவோமே, அந்தத் தாளை எழுதிக்கொடுக்கிற தொழில். அதை ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார் என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரியும். பெட்டி செய்கிறபோது அதுவும் கூடவே விளைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாள்களில் ஒரு கை மட்டும் படம் போட்டிருக்குமே, ஏன் அந்தக் கைக்கு நகமே இல்லை, அது ஆண் கையா பெண் கையா என்றெல்லாம் அவளைக் கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றாள்.

இதைத் தனி ஆள் தொழில் என்று பதிவு செய்துகொண்டு வந்தாள். எனக்கு அது விளங்கவில்லை, கேட்டேன். ‘மொதலாளி யாருடி?’ ‘நான்தான் பாட்டி.’ ‘வேலை செய்யறவங்க?’ ‘அதுவும் நான்தான்.’ ‘அப்போ லீவு வேணும்னா யாருகிட்ட கேப்பே?’ ‘என்கிட்டதான் கேக்கணும்.’ ‘குடுப்பியா?’ அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இந்த மாசம் குடுக்க முடியாது, வேலை ஜாஸ்தி’ என்றாள். அதோடு விட்டாளா, சட்டத்தின் கண்ணுக்குத் தொழில் வேறு அவள் வேறு இல்லையாம், லாபம் வந்தாலும் அவளுடையது, நஷ்டம் வந்தால் அவள் படுக்கிற கட்டிலைக்கூடக் கேட்டு வரலாமாம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆராய்ச்சி. அவள் தும்மினால் கம்பெனியே தும்முகிறது என்று அர்த்தம். அவள் மத்தியானம் கண் அசந்தால் கம்பெனிக்குக் கதவடைப்பு. போன மாதம் கம்பெனிக்குக் காய்ச்சல் வந்தது, நான்தான் கம்பெனிக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்துப் போர்வையைப் போர்த்திவிட்டேன். அப்படிப் படுத்துக்கொண்டே ஒருத்தரிடம் போனில், எங்கள் நிறுவனம் முழு வேகத்தில் இயங்குகிறது என்று சொன்னாள்.

போனில் பேசும்போதெல்லாம் அவள் நாங்கள் என்றுதான் சொல்லுவாள். நாங்கள் பார்க்கிறோம், நாங்கள் அனுப்புகிறோம், எங்கள் சோதனைப் பிரிவு சரிபார்த்த பிறகுதான் எதையும் வெளியே விடுவோம். நான் அறையை எட்டிப் பார்த்தால் உள்ளே அவளும் ஒரு மேஜை விளக்கும்தான். ‘அந்த நாங்கங்கறது யாருடி?’ என்று கேட்டேன். ‘நானும் நீயும்தான்’ என்றாள். அப்படியே என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்த டார்ச் லைட்டையும் கொடுத்து, இதைப் படித்து இதில் இருக்கிறபடி பேட்டரியை மாற்று, எங்கே புரியவில்லையோ அங்கே சொல், அஞ்சாம் வகுப்புப் படித்த ஆளுக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும் என்றாள். இந்த வயதில் எனக்கு ஒரு பிரிவே கிடைத்துவிட்டது, நினைத்துப் பார். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். டார்ச் தாளைப் படித்தேன், புரிகிறது என்றேன். தண்ணீர் வடிகட்டி தாளைப் படித்தேன், புரிகிறது என்றேன். அழைப்பு மணி தாள், சமையல் தராசு தாள், எல்லாம் புரிகிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன். இதெல்லாம் அவள் பழகிக்கொள்வதற்கு எழுதினவை. உண்மையில் தராசு தாளில் நடுவில் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நீயே சொல், அவள் அந்த விளக்கடியில் முதுகை வளைத்து எழுதினதை, கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறவளிடம், புரியலை என்று எப்படிச் சொல்லுவது. எனக்கு அந்த வார்த்தையே வாயில் வராது.

அப்புறம் முதல் நிஜமான வேலை வந்தது. துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்டு செய்கிற ஒருவர், சின்னப் பட்டறை வைத்திருக்கிறார், அவரை நாங்கள் ஸ்டாண்டுக்காரர் என்போம். நாலு கால், மேலே வரிசையாகக் கம்பிகள், கீழே இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி. பட்டறைக்குப் போய் நண்டு அதைப் பூட்டிப் பிரித்துப் பூட்டிப் பிரித்துக் கையெல்லாம் கொப்புளம் வந்து, தாளை எழுதிக்கொண்டு வந்தாள். பழைய ஆபீஸ் மேனேஜர் அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார், அது உனக்குத் தெரியாது. இந்த ஸ்டாண்டுக்காரர் திருப்தியாகச் சொன்னால் அவர் மூலமாக நாலு பேர் வருவார்கள், இல்லையென்றால் நாற்காலிக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று அவளே அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஆகவே சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு அதிகம். ஸ்டாண்டு பெட்டியையும் தாளையும் கூடத்தில் வைத்துவிட்டு, நான் பக்கத்தில் இருந்தால் உனக்கு உதவி செய்துவிடுவேன் என்று சொல்லி அவள் வெளியே போய்விட்டாள்.

நான் தாளைப் படித்து ஒவ்வொன்றாகச் செய்தேன். கால்களை விரி, விரித்தேன். திருகுகளை இறுக்கு, அந்தக் குட்டி ஸ்பானரால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அடுத்தது குறுக்குக் கம்பியைச் செருகு என்று போட்டிருக்கிறது. செருகினால் போகிறதா? இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் எட்டவில்லை, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் முறைக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், செல்லமாகப் பேசிப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டது. அதற்குள் வாசலில் அவள் செருப்புச் சத்தம். நான் என்ன செய்தேன் என்றால், ஸ்டாண்டை அப்படியே சுவரோடு சாய்த்து நிறுத்தி, முன்கால் வழுக்காமல் இருக்க ஒரு பூந்தொட்டியை நகர்த்தி அண்டக்கொடுத்து, கீழே கம்பி இல்லாதது தெரியாதபடி மேலிருந்து என் நீளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, கம்பியைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவள் உள்ளே வந்தாள், ஸ்டாண்டு நிற்கிறது, துண்டு தொங்குகிறது. அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். ‘ஒரே தடவையிலயா பாட்டி?’ என்றாள். ‘பின்னே, நீ எழுதினா?’ என்றேன். தாள் அச்சுக்குப் போய்விட்டது. அந்தக் கம்பியை வீணாக்குவானேன் என்று, குளியலறையில் மேலே எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதைத் தள்ளித் திறக்க வைத்துக்கொண்டேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

அச்சடித்த தாள் பெட்டிகளோடு கடைக்குப் போய்க் கொஞ்ச நாள் ஆனதும், ஸ்டாண்டுக்காரரே ஒருநாள் நேரில் வந்துவிட்டார். கையில் கால் கோணிப்போன ஒரு ஸ்டாண்டு, முகமும் அதே மாதிரி. வாங்கினவர்கள் எல்லாம் போன் போட்டு ஏசுகிறார்களாம், கம்பி உள்ளே போகவில்லையாம். ஒரு வீட்டில் கம்பியில்லாமலே நிறுத்தி ஈரப் போர்வையைப் போட்டிருக்கிறார்கள், அது மொத்தமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மேல் சாய்ந்து, அவர் போர்வைக்குள்ளேயே கத்தியிருக்கிறார். ‘உங்க டெஸ்டிங் பிரிவுன்னு சொன்னீங்களேம்மா, அவங்களை நான் பாக்கணும்’ என்றார். நான் அப்போது அவருக்குக் காபி கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தேன். நண்டு என்னைப் பார்க்காமல், ‘அவங்க இன்னிக்கு லீவு சார்’ என்றாள். ‘வந்ததும் அவங்ககிட்ட சொல்லுங்க, என் பொழைப்பும் இதுலதான் இருக்குன்னு’ என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை தங்கச்சி, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. டம்ளரை வாங்கிக்கொண்டு, காபி நன்றாக இருந்ததம்மா என்று வேறு சொன்னார்.

அவர் போனபிறகு நண்டு பைத்தியம் பிடித்தவள் மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். நம்ம வீட்டில் நின்றதே, நம்ம வீட்டில் மட்டும் எப்படி நின்றது என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். புழுக்கமாக இருக்கிறதே, பிள்ளைக்குக் காற்றாவது வரட்டும் என்று நான் குளியலறைக்குப் போய் ஜன்னலைத் தள்ளினேன். முகம் கழுவ அவளும் பின்னாலேயே வந்தாள். என் கையைப் பார்த்தாள். ‘பாட்டி, அது என்ன கம்பி?’ என்றாள். நான் ஜன்னல் கம்பி என்றேன். ஜன்னலுக்கு எங்கே கம்பி இருக்கிறது என்று கேட்டாள். கம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கூடத்தில் நடந்ததைச் சொன்னேன்.

திட்டியிருந்தாலும் தேவலை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ‘திருகை இறுக்கறதுக்கு முன்னாடி கம்பியைச் செருகணும். என் கை தானா அப்படித்தான் செஞ்சிருக்கு, எழுதும்போது மாத்தி எழுதிட்டேன். நீ புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே மாத்தியிருப்பேன்’ என்றாள். ‘நீ எழுதினதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமாடி?’ என்றேன். ‘நாளைக்கு மேனேஜருக்குப் போன் பண்ணிடறேன்’ என்று எழுந்து போய்விட்டாள். அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவள்தான், அன்றைக்குக் கம்பெனி சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலை நானே ஸ்டாண்டுக்காரருக்குப் போன் போட்டேன். சோதனைப் பிரிவு பேசுகிறேன் என்றதும் மரியாதையாக வணக்கம் சொன்னார். தப்பு எங்கள் பிரிவின் மேல்தான், மொதலாளி அம்மா மேல் ஒன்றுமில்லை என்றேன். காபி கொடுத்த அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. சரி, இன்னொரு தடவை எழுதித் தரட்டும், ஆனால் இந்த ஸ்டாண்டையே கண்ணால் பார்த்திராத ஒருத்தர், இந்த வீட்டுக்கு வெளியே இருக்கிறவர், தாளை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டி ஈரத்துணி போட்டுக் காட்டவேண்டும், அப்போதுதான் அச்சடிப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நண்டிடம் சொன்னேன். மேனேஜருக்குப் போட எடுத்த போனைக் கீழே வைத்தாள்.

புதுத் தாள் எழுதினாள். அதை எனக்கும் ஒரு தடவை படிக்கக் கொடுத்தாள், பழைய விசுவாசத்துக்காக. நான் இந்தத் தடவை பயந்துபோய் முதல் வரியிலேயே புரியலை என்றேன். ‘பெட்டியைத் தெறன்னு போட்டிருக்கறது புரியலையா?’ என்றாள். எந்தப் பக்கம் என்று போடவில்லையே என்றேன். அவள் யோசித்து அதையும் எழுதினாள். இரண்டாவது வரியும் புரியலை என்றேன், மூன்றாவதும். சாயங்காலத்துக்குள் தாள் போர்வை அகலம் ஆகிவிட்டது, அதில் ஸ்டாண்டையே சுற்றி வைக்கலாம். பேனாவை வைத்துவிட்டு, ‘நீ பாசத்துல ஆமாங்கறே, இல்லேன்னா பயத்துல இல்லேங்கறே. எனக்கு ரெண்டும் ஒதவாது பாட்டி’ என்று சொல்லி என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டாள். சம்பளமே இல்லாத ஒரு வேலையிலிருந்து உலகத்திலேயே என்னைத்தான் முதலில் எடுத்திருப்பார்கள். போர்வைத் தாளை வெட்டிக் குறைத்து மறுபடி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். நம் குடும்பத்தில், யார் மனசு நோகும் என்று பார்க்காமல், எதை நீட்டினாலும் அதில் குறையை மட்டும் பார்க்கிற கண் யாருக்கு இருக்கிறது என்று கேட்டாள். ‘சின்னப் பாட்டி’ என்று அவளே சொன்ன அதே நேரத்தில் நானும் உன்னைத்தான் சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதே. நான் புது வீட்டுக்கு வந்தபோது, நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கதவு கீச்சென்கிறது என்றாய். எனக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, போர்வையைத் தலைகீழாகப் போர்த்தியிருக்கிறார்கள் என்பதுதான் உன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை. இத்தனை வருஷம் உன் வாய்க்குப் பயந்து நான் புதுப் புடவைகூட உன் எதிரில் கட்டினதில்லை. அந்த வாய்தான் இப்போது எங்கள் கம்பெனிக்கு வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஸ்டாண்டு பெட்டியும் புதுத் தாளும் பார்சலில் வரும். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடாதே, அவர் தாளைப் பிரிக்காமலே பூட்டிவிட்டு மிச்சமான திருகைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற ரகம். நின்றதும் ஈரப் போர்வையாகப் பார்த்துப் போடு, ஸ்டாண்டுக்காரருக்குக் காட்ட ஒரு படமும் எடுத்து அனுப்பு. எங்கே தடுக்கினாய், எந்த வரி எரிச்சலாக இருந்தது, எல்லாவற்றையும் தாட்சண்யம் பார்க்காமல் எழுது. நண்டு கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். ஸ்டாண்டு நின்றால் நின்றது என்று எழுது, விழுந்தால் விழுந்தது என்று எழுது, உண்மையைத் தாங்கிக்கொள்ள நானும் இப்போது பழகிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்த்து, எல்லாம் புரிகிறது பாட்டி என்று சொல்லிவிட்டுத்தான் உறை வாங்கப் போயிருக்கிறாள்.

உன் முட்டி உன் பேச்சைக் கேட்கட்டும், உன் பேச்சை உன் மருமகள் கேட்கட்டும், உன் வீட்டுக் கூரையும் அடுப்பும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். மனம் நிறைந்த ஆசிகளுடன்,

உன் அக்கா
(முன்னாள் சோதனைப் பிரிவு)

பின்குறிப்பு: அவள் உறை வாங்கி வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன், இது நமக்குள் இருக்கட்டும். மேலே எழுதினதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதினது. பல் பிடுங்கினபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்டாண்டு விழுந்தால் எனக்கு மட்டும் தனியாக எழுது, அவள் காதில் நான் பக்குவமாகப் போட்டு, அந்த வரியை அவளே கண்டுபிடித்த மாதிரி மாற்ற வைத்துவிடுவேன். அவளுக்கு நீ அனுப்புகிறது நிற்கிற படமாகத்தான் இருக்கவேண்டும். நீ பின்னால் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டாலும் சரி. போன தடவை குட்டி தானே நிற்கிற போட்டோ அனுப்பினேனே, அவனா நின்றான்? அவன் அம்மா சோபாவுக்குப் பின்னால் இருந்து சட்டையைப் பிடித்திருந்தாள். கால் வளைந்ததைக் கண்டுபிடித்த நீ கையைக் கண்டுபிடிக்கவில்லையே. ஆனால் ஒன்று, அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டிக் காட்டி, அடுத்த வாரமே அவன் நிஜமாகவே தானே நின்றுவிட்டான். ஆகவே ஸ்டாண்டைப் படம் எடுக்கிற ஆளை நல்ல வெளிச்சத்தில் எடுக்கச் சொல். போனில் மட்டும் அனுப்பாதே, இவள் அதைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்பாள். காகிதத்தில் போட்டு, மறக்காமல் ஒரு புதுப் போட்டோ தபாலில் அனுப்பு.